நாடிக்கட்டு

இப்போதெல்லாம் டாக்டர்கள் ஆளைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள்.

ஆள், என் வீட்டுக்காரி, பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். திறந்த வாயை மூட முடியவில்லை. எச்சில் ஒழுகி என் துண்டு நனைந்துவிட்டது. டாக்டர் பெண்ணோ எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது.

காலையில் நடந்தது இவ்வளவுதான்.

போனில் எவளோ ஒருத்தி என் பெயரைச் சொல்லி, சார் இருக்காங்களா என்றாள். லோன் வேண்டுமா என்று தினமும் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறவள்.

"அவரு செத்துட்டாரும்மா. பதினாறு முடியட்டும், பெறகு கூப்புடு" என்றேன்.

அடுப்பு முன்னால் நின்ற என் வீட்டுக்காரி சிரித்தாள். அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை. இன்றைக்கு என்னவோ, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அப்படியே நின்றுவிட்டது வாய்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கண்ணைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரன் வந்து, கன்னத்தில் ஓர் அறை விட்டால் சரியாகிவிடும் என்றான். நான் அவனை அறையப் போனேன்.

டாக்டர் பெண் படத்தைக் கீழே வைத்தது.

"காதுக்கு முன்னாடி ஒரு குழி இருக்கு ஐயா. தாடை எலும்போட குமிழ் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கும். வாயைத் தொறந்தா முன்னால வழுக்கும், மூடினா திரும்பி வந்துரும். இவங்களுக்கு மேட்டைத் தாண்டிப் போய் நின்னுருச்சு. ரெண்டு பக்கமும்."

"எலும்பு முறியலையே?"

"இல்ல. எடம் மாறி நிக்குது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றிக்கொண்டது. அவள் வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்மேல் வைத்தது. என் பேத்தி வயதுதான் இருக்கும். கை முருங்கைக்காய் மாதிரி. இது எங்கே தள்ளப்போகிறது?

கீழே அழுத்தியது. பின்னால் தள்ளியது.

டொக்.

வாய் மூடிக்கொண்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. உதட்டை அவளே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கெட்டிக்காரிதான் என்று சொல்ல இருந்தேன்.

அதற்குள் நர்ஸ் வெள்ளைத் துணிச் சுருளோடு வந்தாள். நாடிக்குக் கீழே கொடுத்தாள். இரண்டு கன்னத்தையும் ஒட்டி மேலே கொண்டுபோனாள். உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

முகம் சின்னதாகிவிட்டது.

அந்தக் கட்டு எனக்குத் தெரியும். என் அய்யாவுக்கு நானே கட்டினேன். அம்மாவுக்கும் நான்தான். மூச்சு நின்ற பிறகு, உடம்பு விறைப்பதற்கு முன்னால், வாய் பிளந்து கிடக்கக் கூடாதென்று கட்டுவது.

"கட்டை அவுரு" என்றேன்.

"என்னது?"

"அவுருங்கிறேன். உசுரோட இருக்கிறவளுக்கு நாடிக்கட்டா?"

நர்ஸ் சிரித்தாள். "பேண்டேஜு தாத்தா இது. எல்லாருக்கும் போடுறதுதான்."

"எல்லாருக்கும்தான் போடுவாங்க. அது கடைசியில."

டாக்டர் பெண் சிரிக்கவில்லை.

"தசை தளந்து கெடக்கு ஐயா. கொஞ்ச நாளைக்கு வாயை அகலமாத் தொறக்கவே கூடாது. சிரிப்பு, கொட்டாவி எதுவும் ஆகாது. மறுபடி எறங்குச்சுன்னா அதுவே பழகிரும். அப்புறம் ஆபரேஷன்னு அலையணும்."

"நான் கையால பிடிச்சுக்கிறேன்."

"அவங்க தூங்கும்போது?"

"பிடிச்சிருப்பேன்."

"நீங்க தூங்கும்போது?"



முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன், நானே அவிழ்த்துவிடுவதென்று. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். இழுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நாலு பேர் பார்க்க. வீட்டுக்குள்கூட அப்படிச் செய்தவள் இல்லை.

என் விரல் அவள் காதுக்கு முன்னால் கிடந்தது. அடியில் என்னவோ துடித்தது.

"இது என்னம்மா அடிக்குது?"

"ரத்தக்குழாய் ஐயா. அந்த எடத்துல எல்லாருக்கும் அடிக்கும்."

என் காதுக்கு முன்னால் தேடினேன். சரியாக அகப்படவில்லை. அவளுடையது நன்றாக அடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

"முடிச்சையாவது மாத்திப் போடு தாயி. உச்சியில வேண்டாம்."

"எங்க போட்டாலும் ஒண்ணுதான் தாத்தா."

சொன்னாளே தவிர, அவிழ்த்துக் காதோரமாகப் போட்டாள்.

இவள் பல்லைக் கடித்தபடியே ஏதோ முனகினாள். குனிந்து கேட்டேன்.

"இப்பப் பல்லுவலிக்காரி மாதிரி இருக்கேனா?"

"பேசாம வா. எனக்குச் சிரிப்பு வந்தா ஒனக்கும் வரும்."

டாக்டர் பெண் வாசல்வரை வந்தது. "வெறும் துணிதான் ஐயா. பயப்படாதீங்க."

படித்த பிள்ளை சொல்கிறது. வெறும் துணியாகவே இருக்கட்டும். நான் நம்பவில்லை. இரண்டு தரம் என் கையால் கட்டியவன் எப்படி நம்புவேன்.

வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம். தெருவில் போகிறவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காலையிலிருந்து பட்ட அலைச்சல். எனக்குக் கொட்டாவி வந்தது.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளைத் தாண்டி முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தேன்.