பாக் கர்தோவின் நாக்கு

"இன்னைக்கும் துவர்க்குதுங்க, சுதிஜா."

சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார் பாக் கர்தோ. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுதிஜா தேங்காய்ப்பாலில் கொதிக்கும் தெம்பேயைக் கிளறினாள். குலோன் ப்ரோகோ மலையடிவாரத்தில் பூனைக்காலி விதையில் தெம்பே போடுகிறவர்கள் எத்தனையோ பேர். சந்தை நாளில் கூட்டம் மொய்ப்பது இவள் கடையில்தான். விதையை வேகவைத்து, கறுப்புத் தோலை உரித்து, சாயமாக இறங்கும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டு, துவர்ப்பு அடியோடு போன பிறகுதான் இலையில் கட்டித் தெம்பேயாகப் புளிக்கவைப்பாள். அதைக் குறை சொன்ன நாக்கு அந்த வட்டாரத்திலேயே இது ஒன்றுதான்.

"இவரை உக்கார விடாதீங்க அண்ணி. யாவாரமே கெட்டுப்போகும்" என்று நாத்தனார் வர்சி முணுமுணுத்தாள்.

கர்தோ சைக்கிள் பழுது பார்ப்பவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, சாப்பிட்டு முடித்தும் மணிக்கணக்காக உட்கார்ந்து யோசனை சொல்வார். ஆற்றுத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். பானையை மாற்றச் சொன்னார். ஒருநாள் தானே உட்கார்ந்து விதை உரித்துக் கொடுத்து, நகமெல்லாம் கறுத்துப்போய் வீட்டுக்குப் போனார். சுதிஜா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொள்வாள். கணவனை இழந்த பிறகு அவள் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை.

இன்று அவர் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. மகன் செமாராங் நகரத்துக்கே வந்துவிடச் சொல்கிறான், சாயங்காலம் பஸ் என்றார்.

சுதிஜாவின் கரண்டி நின்றது.

"போங்க. அங்க நல்ல தெம்பேயா கிடைக்கும்" என்றாள்.

கர்தோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை இப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலைங்க. கூடவே இருந்து சரிபண்ணிடலாம்னு தோணுது. உங்க வீட்டுலயே இருந்து. உங்களுக்குச் சம்மதம்னா."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதிஜா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அந்தப் பையை உள்ள வைங்க" என்றாள்.

கடை ஆரவாரத்தில் அதிர்ந்தது. யாரோ எல்லோருக்கும் தேநீர் சொன்னார்கள். கர்தோ காதுவரை சிவந்து, இமாமைப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் கேட்டு வருவதாக ஓடினார்.

வர்சி தட்டுகளை எடுக்கும்போது, அவர் மிச்சம் வைத்த துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மறுகணம் நாக்கு சுருண்டது.

"அண்ணி, நெசமாவே துவர்க்குதே."

"அவருக்கு மட்டும் தோலோட ஊறவச்சுத் தனியா போடறேன்" என்றாள் சுதிஜா, மெதுவாக. "ருசியா இருந்தா, தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருப்பாரே."