எட்டரை நம்பர் பூட்ஸ்

“முதலாளி, இது உங்க கடையில வித்ததுதானே?”

இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்த பூட்ஸைக் கண்டதுமே சப்பாத்துக் கடைக்காரர் றவூபுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. கெண்டைக்கால் மறையும் உயரம், கயிறு இல்லாமல் இரண்டு பக்கிள் மட்டும் வைத்த கறுப்புத் தோல். கெலிஓயா பஸாரில் அப்படியொரு எஞ்சினியர் பூட்ஸ் வாங்கியவர் ஒரேயொருவர்தான். உள்பட்டியில் கடை முத்திரை வேறு பளிச்சென்று தெரிந்தது.

கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. கண்டி லொட்ஜுகளில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்களை லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கடை வாசலில் துவக்கோடு ஒரு கொன்ஸ்டபிள் நின்றான்.

“எங்கட கடைதான் சேர்,” என்று சிங்களத்தில் சொன்னார் றவூப். “ஆனா, ஆருக்கு வித்தேண்டு ஞாபகம் இல்ல. எத்தனையோ பேர் வாற போற இடம்.”

பச்சைப் பொய். விமலநாதனின் கால் றவூபுக்கு மனப்பாடம். பாலம் கட்டும் இடத்தில் எஞ்சினியர், யாழ்ப்பாணம் பருத்தித்துறை ஆள். எட்டாம் நம்பர் அவருடைய விரல்களை நெரித்தது. ஒன்பதைப் போட்டால் குதி கழன்று கழன்று வந்தது. கயிறு இருந்தால் இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம், இந்த ரகத்தில் அளவு பிசகினால் பிசகினதுதான்.

“பின்னேரமா வாங்க தம்பி, வேலையில நடந்து வீங்கின காலோட. தடிச்ச சொக்ஸும் போட்டுக்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பி, பிறகு கொழும்பிலிருந்து எட்டரை எடுப்பித்துக் கொடுத்தார் றவூப். அன்றுமுதல் அந்த மனிதர் பஸாருக்கு வந்தால் இந்தக் கடையில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் போனதில்லை.

அவர் என்ன செய்தாரோ, ஏது செய்தாரோ. பொய் சொன்னது தெரிந்தால் தன்னையும் அதே லொறியில் ஏற்றுவார்கள். வீட்டில் மனைவி மஸீனாவுக்கு இது நிறைமாசம். அந்தாள் மட்டும் இன்றைக்கு இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது, யா அல்லாஹ்.

“நானா, அதே மாதிரி இன்னொரு சோடி எடுப்பிச்சுத் தாறீங்களோ?” என்றபடி, வாசலில் நின்ற கொன்ஸ்டபிளைக் கவனியாமலே படியேறி வந்தார் விமலநாதன். காலில் ரப்பர் செருப்பு.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். விமலநாதன் காக்கிச் சட்டையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

“ஐடென்டிட்டி காட்.”

விமலநாதன் எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் அட்டையில் இருந்த ஊரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “இந்தப் பூட்ஸ் உங்களுடையதா?”

“இல்லை சேர்.” விமலநாதனும் சிங்களத்திலேயே சொன்னார்.

“அப்படியா? இருந்து போட்டுக் காட்டுங்க.”

விமலநாதன் கதிரையில் விழுந்தமாதிரி உட்கார்ந்தார். கொன்ஸ்டபிள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“நான் போட்டு விடுறேன் சேர். அது என்ட தொழில்தானே,” என்று றவூப் முந்திக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்தார். பூட்ஸில் ஒரு பக்கிள் அறுந்து தொங்கியது. ஆனால் தோலுக்கு யாரோ புதிதாகப் பொலிஷ் போட்டு மினுக்கியிருந்தார்கள். விமலநாதனின் கணுக்காலிலோ கல்லில் உரசினது போல ஆறாத சிராய்ப்புகள்.

றவூப் பக்கத்தில் திறந்து கிடந்த புதுச் சப்பாத்துப் பெட்டியிலிருந்து, முனையில் திணிக்கும் காகிதத்தைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்தார். பூட்ஸை விரித்துப் பிடிப்பவர் போல அதை விரல் பக்கமாக அழுத்தித் தள்ளினார். விமலநாதன் அதைக் கண்டார். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்துக்கொண்டன.

கால் இறங்கியது, பாதி வழியில் இறுகி நின்றது. றவூப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போல இழுத்தார்.

“ஏறுதில்ல சேர். இவருக்கு ஒன்பதரையாவது வேணும்.”

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பெருவிரலால் பூட்ஸின் முனையை அழுத்திப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது. றவூப் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வழிந்து நின்றது.

“சரி, கழட்டுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர் வாங்கில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தைக் கையால் துடைத்தபோது ஆள் திடீரென்று வயதாகிவிட்டது போலத் தெரிந்தது.

“காரணத்தைச் சொன்னா ஆளாளுக்குக் காலை நீட்டுவாங்கன்னுதான் சொல்லாம இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆத்தில விழுந்திட்டா. யாரோ ஒருத்தர் இந்தப் பூட்ஸைப் பிய்ச்சு எறிஞ்சிட்டுக் குதிச்சு, அவளை இழுத்துக் கரையில கிடத்தினாராம். சனம் ஓடி வாறதுக்குள்ள ஆளைக் காணோம். அந்த மனுசனைத்தான் தேடிக்கொண்டு திரியிறேன்.”

றவூபின் கை பூட்ஸைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் பதில் சொன்ன விமலநாதன், இப்போது தன்னை மறந்து தமிழில் கேட்டார்:

“பிள்ளைக்கு மூச்சு வந்திட்டுதோ?”