பிரசன்னாவின் நானூறு கலோரி

ஒரு நாளைக்கு நானூறு கலோரி எரிக்காத உடம்புக்கு மருத்துவ அட்டை கிடையாது. மூன்று நாள் தவறினால் போதும், ரத்து செய்துவிடுவார்கள். அதனால் மாடிப்படி ஏறவே பிரசன்னாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அவன் மனைவி கீர்த்தனா கலோரியை எண்ணும் அவனுடைய கைப்பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போனாள்.

ஒன்பது மாதமாகத் தனக்கு நாற்பது நிமிடம், அவனுக்கு நாற்பது நிமிடம் என்று ட்ரெட்மில்லில் ஓடினாள். பட்டையில் அவனுடைய எண்பத்தாறு கிலோ பதிவாகியிருந்ததால், ஐம்பது கிலோக்காரியின் ஓட்டத்துக்குக் கலோரி கொஞ்சம் தாராளமாகவே ஏறியது.

இன்று காலை அவள் ஓடிவிட்டு வந்தபோது, அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்து கிடந்தான். பட்டையை அவன் கையில் மாட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நர்ஸ் பட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்கம்மா. இப்பதான் நானூத்திப் பன்னெண்டு கலோரி ஓடியிருக்காரு. ஒன்பது மாசமா இதயம் குதிரை மாதிரி இருக்கு. வாயுவா இருக்கும். டோக்கன் இருபத்தொம்பது, உட்காருங்க."

"ஓடினது அவரில்ல, நான்!" என்று கத்தினாள் கீர்த்தனா.

நர்ஸின் சிரிப்பு நின்றது. குனிந்து காதருகில் சொன்னாள். "இன்னொரு வாட்டி இதைச் சொல்லாதீங்க. அட்டையோட இந்த டோக்கனும் போயிடும்."

கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது டோக்கனைக் கூப்பிட்டபோது அவள் தோளில் சாய்ந்திருந்த பிரசன்னாவின் கை சில்லிட்டுப் போயிருந்தது. அதில் கட்டியிருந்த பட்டையில் அவளுடைய வியர்வை இன்னும் காயவில்லை.