பெரிய பொம்மைக்கு ‘வூ’

மூன்றாவது வாரமும் குழந்தை வீட்டில் இல்லை.

“பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருக்கா டீச்சர். நீங்க எனக்கு ஆரம்பிங்க. அவளுக்கு நான் சொல்லிக் குடுத்துக்கறேன்” என்றாள் அந்த அம்மா.

முதல் வாரம் ஜுரமாம், பாட்டி வீட்டில் படுத்திருக்கிறாளாம். இரண்டாம் வாரம் அத்தை வீடு. பொம்மை டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பிரெஞ்சு சொல்லித் தருகிறவள் அவள். துணிப் பொம்மைகளும் களிமண்ணும் வண்ணக் காகிதமும் அடைத்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அலைவதால் அந்தப் பெயர். பைதான் விளையாட்டு, ஆள் படு கறார். அரை எழுத்து தப்பினாலும் திருத்தாமல் விடமாட்டாள். இன்றைக்கு விட்டால் நாளைக்கு அதுவே பழகிவிடும் என்பாள்.

அந்த அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரை போட்டுத் தரும் காகித உறைகளின் பின்பக்கத்தில் பிரெஞ்சு வார்த்தைகளை எழுதி, கதவு, கண்ணாடி, நாற்காலி என்று வீடு முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். களிமண்ணில் ஆப்பிள் செய்தாள். டீச்சர் ஒளித்து வைத்த பூனை பொம்மையை, எங்கே எங்கே என்று பிரெஞ்சிலேயே கேட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினாள். முப்பத்தைந்து வயதுக்காரி இப்படி உருண்டு புரள்வதைப் பார்த்தால் டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது.

அன்றைய பாடம் நீயும் நீங்களும்.

“சின்ன பொம்மைகிட்ட பேசினா ‘தூ’. அதாவது நீ. பெரிய பொம்மைகிட்ட பேசினா ‘வூ’, நீங்க. குழந்தைகளுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு ‘சாவா’ன்னு சொல்லிக் குடுத்தீங்க. இப்போ நீ-க்கு ‘தூ’. பெத்த பொண்ணைப் பார்த்து தூன்னு துப்பிட்டா சாப்பிட்டியான்னு கேக்கறது?”

“அப்படித்தான் கேக்கணும். எங்க, சொல்லுங்க. தூ ஆ மான்ஜே?”

இருபது தடவை சொல்ல வைத்துவிட்டு, கை கழுவப் போனாள் டீச்சர். குளியலறையில் ஒரே ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது. வெளியே வந்து பார்த்தாள். வாசலில் தன் செருப்பைத் தவிர ஒரே ஒரு ஜோடி. அலமாரியில் இருந்த விளையாட்டுச் சாமான்கள் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் புதுசாக இருந்தன. சுவரில் ஒரு கிறுக்கல் கிடையாது.

“இந்த வீட்ல குழந்தையே இல்லை. எதுக்கு இத்தனை பொய்?”

அந்த அம்மா தலை நிமிரவில்லை. களிமண்ணை உருட்டிக்கொண்டே சொன்னாள். கல்யாணம் முறிந்தது. அவர் குழந்தையை எடுத்துக்கொண்டு பிரெஞ்சு பேசுகிற ஊருக்குப் போய்விட்டார். அப்போது பெண்ணுக்கு இரண்டு வயது. இப்போது ஏழு. தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். ஐந்து வருஷம் கெஞ்சியதில், வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வீடியோவில் பேசவிடச் சம்மதித்திருக்கிறார்.

“பெரியவங்களுக்கான வகுப்புக்குத்தான் முதல்ல போனேன். அங்க ஹோட்டல்ல ரூம் கேக்கவும் டிக்கெட் வாங்கவும் சொல்லித் தர்றாங்க. அதெல்லாம் எனக்கு எதுக்கு? குழந்தை இல்லைன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன் டீச்சர்.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். “என்னைப் பத்தி அவகிட்ட என்னென்ன சொல்லி வளர்த்திருக்காங்களோ. அவ என்னைத் திட்டினாலும் அது எனக்குப் புரியணும் இல்லையா?”

டீச்சர் கையில் எடுத்த பையைக் கீழே வைத்தாள். ஞாயிறு வரைக்கும் தினமும் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனின் திரையில் ஒரு பெண் குழந்தை தெரிந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மா படித்ததெல்லாம் மறந்துபோய் அழுதுவிடுவாள் போலிருந்தது. திரையில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் சின்ன பொம்மையைத் தூக்கிக் காட்டினாள்.

“தூ ஆ மான்ஜே?” என்றாள் அம்மா.

குழந்தை தலையாட்டியது. “வீ. எ வூ?”

ஆமாம், சாப்பிட்டேன் என்றது. அதையே அம்மாவிடம் திருப்பிக் கேட்டது. அம்மா களிமண் ஆப்பிளைக் காட்டிக் கடிப்பதுபோல் நடித்தாள். குழந்தை சிரித்தது. பத்து நிமிஷம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

திரை அணைந்த பிறகும் அம்மா போனைக் கீழே வைக்கவில்லை.

“கேட்டீங்களா டீச்சர்? ‘வூ’ன்னு சொன்னா. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. நான்கூட எங்கம்மாவை நீ, வா, போன்னுதான் பேசுவேன். என் பொண்ணு எனக்கு எவ்வளவு மரியாதை குடுக்கறா பாருங்க. அப்போ என்னைப் பத்தி யாரும் அவகிட்ட தப்பா சொல்லலை, இல்லையா?”

டீச்சர் சின்ன பொம்மையைப் பைக்குள் வைத்தாள். பெரிய பொம்மையையும் வைத்தாள்.

“ஆமாம்மா. நல்லா வளர்த்திருக்காங்க” என்றாள்.

அந்தப் பாஷையில் குழந்தைகள் பெற்ற தாயை ‘தூ’ என்றுதான் கூப்பிடும், ‘வூ’ முன்பின் தெரியாதவர்களுக்கு என்கிற மிச்சப் பாடத்தைப் பொம்மை டீச்சர் அந்த வீட்டில் கடைசிவரை நடத்தவே இல்லை.