சுவர் நகரும் வகுப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில், ஆள் அசையாத இடத்தைக் காலி என்று கட்டடமே முடிவுசெய்து, சுவரை நகர்த்திப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்துவிடும். அதனால் பாடம் கேட்கும்போது எல்லோரும் காலாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

மாணவர் தேர்தலில் தோற்ற கும்பல் அரிவாளோடு புகுந்த மதியம், தமயந்தி தன் தம்பி இனியனோடு கடைசி பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தாள்.

“ஆடாதக்கா. சுவரு நகர்ந்தா, யாருமில்லன்னு போயிடுவானுங்க.”

அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு அவன் சுவரோரம் அசையாமல் கிடந்தான். சுவர் கிளம்பி வந்து அவனை பெஞ்சின் இரும்புக்காலோடு நெரித்தது. எலும்பு முறிவது அவளுக்குக் கேட்டது. அவன் வாய் திறக்கவில்லை.

வாசலில் ஒருவன் சிரித்தான். “ரூமே சுருங்குது மாப்ள. உள்ள எவன் இருப்பான், வா.”

காலடிகள் ஓய்ந்தன.

“போயிட்டானுங்கடா. காலை ஆட்டு,” என்றாள் தமயந்தி.

சுவர் அவனைத் தாண்டி, நடுங்கிக்கொண்டிருந்த அவளருகே வந்து நின்றது.