மூன்றாவது ஜோடி

சதுரங்கப்பட்டினத்தில் போன வாரம் ஓர் உயிரின் விலை நாளுக்கு நூறு ரூபாய். அன்றாட வாழ்க்கையைப் படம்பிடித்து ஊர் ஊராகக் காட்டும் கலை வேன் ஒன்று வந்திருந்தது. காலையில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் படமெடுத்து, ஜோடிக்கு ஓர் ஆள் என்று நோட்டில் எழுதி, ஆளுக்கு நூறு கொடுத்தார்கள்.

சாராள் வீட்டில் அவளும் ஏழு வயது மகள் சிநேகாவும்தான். கணவன் ஸ்டான்லி கடலோடு போய் ஒரு வருடம். போனவன் செருப்பு சும்மாதானே கிடக்கிறது என்று பரணிலிருந்து எடுத்து, தெருவைப் பார்க்க வைத்தாள்.

"இன்னாக்கா, மூணு ஜோடி கீது?" என்றான் படமெடுக்கும் சரவணகுமார்.

"வூட்டுக்காரரு உள்ள தூங்கினுகீறாரு. எழுதிக்கோ நைனா."

மறுநாள் அந்தச் செருப்பு நனைந்திருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டாய் என்று சாராள் மகளுக்கு ஓர் அடி வைத்தாள். மூன்றாம் நாள் அது வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாசற்படியிலிருந்து சிநேகாவின் பாய் வரைக்கும் ஈர மணல்.

சாராள் வேனுக்கு ஓடினாள். "அவரு ஊருக்குக் கெளம்பிட்டாரு நைனா. நோட்டுல அவரை அடிச்சிடு."

"சொல்லாம கொள்ளாம தனியாவா கெளம்பினாரு?" என்று சிரித்துக்கொண்டே சரவணகுமார் மூன்றாவது ஆளை அடித்தான்.

சாராள் செருப்பைப் பரணில் போட்டு, கதவைத் தாழிட்டு, மகளை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

விடிந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. பரண் காலி. சிநேகா படுத்திருந்த இடத்தில் பாய் மட்டும் நனைந்திருந்தது. சாராள் வெறுங்காலோடு கடற்கரைக்கு ஓடினாள்.

படமெடுக்க வந்த சரவணகுமார் வாசலைப் பார்த்து எழுதினான்: செருப்பு ஒரு ஜோடி, ஆள் ஒன்று, கொடுக்க வேண்டியது நூறு.