மூன்று காகித முகங்கள்

வாவிப் பக்கச் சன்னலால் வரும் காலை வெயில், வகுப்புச் சுவரில் ஒட்டிய மூன்று காகித முகங்களில் விழுகிறது. ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்று கோபிக்கிறது. பிள்ளைகள் வந்ததும் தங்கள் மனநிலைக்கேற்ற முகத்தின் கீழே பெயர் அட்டையைக் கொழுவ வேண்டும். போன கிழமை அழுகிற முகத்தில் கொழுவிய கேதுசா, இன்று சிரிக்கிற முகத்துக்கு எட்டுகிறாள். சட்டைக் கை நழுவுகிறது. முழங்கைக்கு மேலே பெல்ட் அகலத்துக்குக் கன்றிய கோடு. "இண்டைக்குச் சந்தோசமா மகள்?" சுகந்தினி டீச்சர் குனிந்து கேட்கிறார். "இல்ல டீச்சர். அழுற முகத்தில கொழுவினா நீங்க அப்பாக்குப் போன் கோல் எடுப்பீங்க." வாவியில் ஒரு தோணி எஞ்சின் இருமி அடங்குகிறது. டீச்சர் சுவரைப் பார்க்கிறார். வகுப்பின் பதினொரு பெயர்களும் சிரிக்கிற முகத்தின் கீழேதான் தொங்குகின்றன.